வாசலில் கற்றாழை, கோடியில் வல்லாரை

கற்றாழை அழுகிச் செத்தது. வல்லாரை காய்ந்து செத்தது. இரண்டும் ஒரே தொட்டி, ஒரே மண், ஒரே வாளித் தண்ணீர். ஒன்று தண்ணீர் தாங்காமல் போயிருக்கிறது, இன்னொன்று தண்ணீர் எட்டாமல் போயிருக்கிறது. கண் இருக்கிற யாரும் குனிந்து பார்த்தால் தெரியும். ஆனால் எங்கள் காம்பவுண்டில் கண்டுபிடித்த காரணம் வேறு. என் மகள் மாதவிலக்கு நாட்களில் தொட்டி ஓரமாக நடந்து போனாளாம். அதனால்தானாம். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் குடியிருப்பது செஞ்சியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று போர்ஷன். தெருப்பக்கம் நாங்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள். நடுவில் ஒரு டீச்சர் குடும்பம். பின்னால் வீட்டின் சொந்தக்காரி. அவரை வீட்டுக்காரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். பாத்ரூமும் தண்ணீர்க் குழாயும் கொல்லைப்பக்கம், மூன்று குடும்பத்துக்கும் பொது. அங்கே போக வேண்டுமானால் வீட்டை ஒட்டி ஓடும் நீளமான நடையில் நடந்து, டீச்சர் வாசலைத் தாண்டி, வீட்டுக்காரம்மாவின் சமையலறை ஜன்னலைத் தாண்டிப் போக வேண்டும். அந்த நடையின் சுவரோரம் முழுக்கச் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு தொட்டி இருக்கிறது. வம்பு அத்தனையும் அந்தத் தொட்டியில்தான் ஆரம்பித்தது.

நான் ஒரு பத்திரக் கடையில் டைப் அடிக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர்களின் எல்லைத் தகராறுதான் என் விரல்களில் ஓடும். கிழக்கே இன்னார் சுவர், மேற்கே இன்னார் மனை, வடக்கே பொதுப்பாதை. பொதுப்பாதை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் என்று இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். ஆக, வீட்டில் சண்டை போடுகிற பொறுப்பு என்னுடையது. அதை நான் ஒழுங்காகச் செய்துவருகிறேன்.

மாசி மாதத் திருவிழாவுக்கு மேல்மலையனூர் போன வீட்டுக்காரம்மா, வரும்போது நாலு கற்றாழைக் கன்றும் ஒரு கட்டு வல்லாரைக் கொடியும் வாங்கிவந்தார். கற்றாழை திருஷ்டிக்கு. எங்கள் பக்கம் அதை வேரோடு பிடுங்கி நிலைப்படிக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். அப்படித் தொங்கியும் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், சில சமயம் மேல்நோக்கி வளைந்து குருத்துக்கூட விடும். வல்லாரை பேரனுக்கு. பேரன் சென்னையில் ஏதோ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். அரைத்துப் பொடியாக்கிப் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் ஞாபகசக்தி வருமாம். வரட்டும், எனக்கென்ன. அதே காம்பவுண்டில் பிளஸ் டூ போகப்போகிற பெண் ஒருத்தி இருந்தாள், அவளுக்கு ஒரு இலை கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதை நான் அன்றே மனதில் வைத்துக்கொண்டேன்.

நடுவதற்கு மண் கொட்டியபோது நானும் கூட இருந்தேன். ஏரி வண்டல், கறுப்பாக, பிசுபிசுவென்று. கையில் எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை பிடிக்கலாம். தொட்டியின் அடி கேட் பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர் வெளியேறுவதற்காகக் கொத்தனார் கேட் பக்கம் ஒரு துளை விட்டிருந்தார். கொசு வரும் என்று வீட்டுக்காரம்மா அதைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கேட் பக்கக் கோடியில் போய் நிற்கும். பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் நாள் முழுக்க அந்தக் கோடியில்தான். எதிர்க்கோடி சமையலறை ஜன்னலடியில். அங்கே முற்பகலிலிருந்து சாயங்காலம் வரை நேர் வெயில். செஞ்சி வெயில் தெரியுமே, கோட்டைப் பாறை குடித்த சூட்டையெல்லாம் இரவிலும் ஊர் மேல் விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கோடிச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்.

"கத்தாழய கேட்டாண்ட வெய்யி. வாசல்ல இருந்தாத்தான் கண்ணு படாது. வல்லாரைய ஜன்னலாண்ட வெய்யி. உள்ள இருந்தே கைய நீட்டிப் பறிச்சிக்கலாம்" என்றார் வீட்டுக்காரம்மா.

"ம்மா, மாத்தி வெச்சா நல்லா வருமே" என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும்? ஆபீஸ் போறவ நீ" என்று சிரித்தார். செடி அவருடையது, தொட்டி அவருடையது. நான் வாயை மூடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

எனக்கு என்ன தெரியும் என்றால், இதுதான் தெரியும். சீயமங்கலத்துக்குப் பக்கத்தில் என் அண்ணன் நிலம் இருக்கிறது. அங்கே வாய்க்கால் ஓரத்தில், வேலி மரத்தின் நிழலில், கால் புதைகிற சேற்றில் வல்லாரை தானாகப் படர்ந்து கிடக்கும். தண்டு போகிற இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டே போகும். அந்தக் கணுவுக்கு ஈரம் கிடைக்க வேண்டும். மேல்மண் ஒரு நாள் காய்ந்தால் இலையோரம் மஞ்சளாகும், மறுநாள் கருகும். வெயில் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், காலை வெயில் பட்டால் இலை தடிக்கும். உச்சி வெயில் பட்டால் அவ்வளவுதான், அப்பளம். கற்றாழை அதே நிலத்தில் மேட்டுப்பக்கம், கல்லும் சரளையும் கிடக்கிற இடத்தில், தண்ணீர் என்று யாரும் காட்டாத இடத்தில் கும்பலாக நிற்கும். மடலுக்குள்ளேயே தண்ணீரை வைத்திருக்கிற செடி அது. வெளியே இருந்து கொஞ்சம் கொடுத்தால் போதும். வேர் காய்ந்த பிறகு மறுபடி கொடுக்கலாம். வேரடியில் தண்ணீர் நின்றால், அதுவும் நிழலில் நின்றால், அடிமடல் கண்ணாடி மாதிரி ஆகிப் பழுப்பாகும், பிறகு தொட்டால் கூழ். இரண்டும் மூலிகைதான், இரண்டையும் ஒரே கூடையில் விற்கிறார்கள்தான். அதற்காக இரண்டுக்கும் ஒரே சோறு போட முடியுமா?

வீட்டுக்காரம்மா போட்டார். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி, தொட்டி நெடுகிலும் சமமாக. போதாததற்கு, வாசல் கழுவி மிச்சமான தண்ணீரையும் தினம் கற்றாழைத் தலையில் கொட்டுவார். சித்திரை பிறப்பதற்குள் கற்றாழை நாலும் அடியில் அழுகிச் சாய்ந்தன. இழுத்தால் வேர் இல்லாமல் கையோடு வந்தன, நாற்றம் வேறு. வல்லாரை சுவரோரமாக நூல் நூலாகக் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. இந்தக் கோடிச் செடியையும் அந்தக் கோடிச் செடியையும் அப்படியே இடம் மாற்றி நட்டிருந்தால் இரண்டுமே பிழைத்திருக்கும். அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தத் தொட்டி மோசமில்லை, மண்கூட மோசமில்லை, எதை எங்கே வைத்தார்கள் என்பதுதான் தப்பு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா அழுகிய கற்றாழையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். டீச்சர் தன் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யம்மா, தப்பா நெனச்சிக்காத. உம் பொண்ணு தூரமா இருக்கசொல்ல இந்த வழியாத்தான போவுது வருது?" என்றார் வீட்டுக்காரம்மா.

எனக்கு முதலில் புரியவேயில்லை. "எந்த வழியா போவணும்? பாத்ரூமு அங்கதான இருக்குது?" என்றேன்.

"அதான் சொல்றேன். அம்மனாண்ட இருந்து எடுத்தாந்த செடி. தீட்டு பட்டா தாங்குமா? பாரு, எப்பிடி அழுவி ஊத்துது."

"தண்ணி நின்னு அழுகியிருக்குதும்மா. அதுக்கும் எம் பொண்ணுக்கும் இன்னா சம்பந்தம்?"

"தண்ணி நின்னு அழுவுச்சின்னா வல்லாரை ஏன் காஞ்சிது? அதுக்கும் அதே தண்ணிதான?" என்று கேட்டு, ஜெயித்துவிட்ட மாதிரி டீச்சரைப் பார்த்தார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். படித்தவர், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர், இந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுவார் என்று ஒரு நப்பாசை. டீச்சர் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அந்த டைம்ல பாடில ஒரு ஹீட் இருக்கும்ங்க. செடிக்கு ஒத்துக்காதுன்னு சொல்லுவாங்க. சயின்ஸ்லயே இருக்குது" என்றார். எந்த சயின்ஸில் இருக்கிறது? எந்தப் பக்கத்தில் இருக்கிறது? என் மகள் படிக்கிற புத்தகம் அத்தனையும் வீட்டில்தானே கிடக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்டிருக்க வேண்டும். கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். டீச்சருக்கும் ஒரு உடம்பு இருக்கிறது, அவரும் மாதாமாதம் அதே நடையில்தான் நடக்கிறார். அதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்காரம்மா ஒரு சட்டம் போட்டார். இனிமேல் பெண்ணுக்கு அந்த நாள் வந்தால் சொல்லிவிட வேண்டும். அந்த மூன்று நாளும் நடை வழியாக வரக்கூடாது. தெருவில் இறங்கி, மூலை திரும்பி, பின்சந்து வழியாக வந்து கொல்லைக் கதவைத் தட்டினால் திறந்துவிடுவார். பின்சந்தில் ஒரு பைக் மெக்கானிக் கடை இருக்கிறது. காலையிலிருந்து இருட்டும் வரை அங்கே ஏழெட்டு ஆம்பிளைகள் டீ கிளாஸோடு நிற்பார்கள். அவர்கள் நடுவே என் மகள் கையில் பக்கெட்டோடு, மாதாமாதம், கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தெருவுக்கே மைக் வைத்துச் சொன்ன மாதிரி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் நிதானமாக மோர் ஊற்றிக்கொண்டு, "வூட்டுக்காரம்மாகிட்ட எதுக்கு டென்ஷன்? மாசத்துல மூணு நாளு. சுத்திக்கினு போனா காலு தேஞ்சிடுமா?" என்றார்.

"நீங்க போய்ப் பாருங்க. வயிறு சரியில்லன்னா பக்கெட்ட தூக்கிக்கினு, மெக்கானிக் கடையாண்ட நின்னு, 'எனுக்கு வயித்தால போவுது'ன்னு சொல்லிட்டுப் போங்க, பாக்கலாம்."

"கத்தாத. காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னா? பிளஸ் டூ வருஷம். இந்த வாடகைக்கு எங்க போயி வூடு தேடுவ?"

 மகள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடிக்காமல் எழுந்துபோனாள். அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை.

அவள் பின்சந்து வழியாகப் போனாளா என்றால், போகவே இல்லை. என்ன செய்தாள் என்று எனக்கு ஆடி மாதம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது, பெண்ணுக்குக் குளிர்ஜுரம், நடுங்குகிறாள் என்று. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அடிவயிறு வலிக்கிறது என்றாள், ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்றாள். பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டரம்மா சிறுநீரில் கிருமி என்றார். பிறகு அவளிடம், "தண்ணி குடிக்கறியாம்மா? ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்ப?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "குடிச்சா போவணுமே டாக்டர்" என்றாள்.

அங்கே நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த மூன்று நாள் மட்டுமில்லை. அவள் நடையில் எப்போது போனாலும் வீட்டுக்காரம்மா ஜன்னலுக்குள்ளிருந்து, "இன்னிக்கு இன்னா நாளு? கணக்கு வருதே, ஆயிட்டியா?" என்று கேட்பாராம். அதனால் என் மகள் காலையில் அந்த அம்மா எழுவதற்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போன பிறகு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் போகவேண்டி வராமல் இருக்க, குடிக்காமல் இருந்திருக்கிறாள். செஞ்சியில். சித்திரை வைகாசி வெயிலில். காய்ந்துபோன தொட்டிக்குக்கூட அந்த அம்மா பழக்கதோஷத்தில் தினம் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவருக்குள் என் மகள் உதடு வெடித்து உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மாத்திரை, ஊசி, ஒரு வாரம் லீவு. என் வீட்டுக்காரர் டூட்டி முடித்து வந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, இளநீரை அவளுக்கு ஊட்டிவிட்டார். வாடகையைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே வீட்டுக்காரம்மாவின் கதவை உடைத்திருப்பேன். ஆனால் நான் பத்திரக் கடைக்காரி. எதையும் ஆதாரத்தோடு பேசிப் பழகியவள். செடியை வைத்துத்தானே என் பெண்ணைக் குற்றவாளி ஆக்கினாய், செடியை வைத்தே உன் வாயை அடைக்கிறேன் என்று கிளம்பினேன்.

கூட வேலை செய்கிற பெண்ணிடமிருந்து ஒரு கற்றாழைக் கன்று வாங்கினேன். கன்றை நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு, ஒரு உடைந்த மண்பானையில் பாதி மணல், கொஞ்சம் செங்கல் ஜல்லி, மிச்சம் செம்மண் கலந்து நட்டேன். பானையடியில் விரல் போகிற அளவு ஓட்டை. அதை எங்கள் போர்ஷனின் கைப்பிடிச் சுவர் மேல், வெயில் கொளுத்துகிற இடத்தில் தூக்கி வைத்தேன். அண்ணன் நிலத்திலிருந்து வேரோடு வல்லாரை கொண்டுவந்தேன். அதற்குப் பழைய பெயின்ட் வாளி, அதே ஏரி வண்டல், கொஞ்சம் மக்கிய எரு. மாடிப்படிக்கு அடியில், குடிதண்ணீர் கேன் சொட்டுகிற இடத்தில் வைத்தேன். காலை வெயில் சாய்வாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கற்றாழைக்கு மணலுக்குள் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஒரு சொம்பு. வல்லாரைக்கு விரல் விட வேண்டியதே இல்லை. மேலே பார்த்து, மினுமினுப்பு குறைந்தால் ஒரு சொம்பு.

இதையெல்லாம் செய்யச் சொல்லி மகளிடம் ஒப்படைத்தேன். எல்லா நாளும். முக்கியமாக அந்த நாட்களிலும். வீட்டுக்காரம்மா நடையில் வந்தால் போதும், "இன்னிக்கும் அவதான் ஊத்துனா! நேத்தும் அவதான்! பாத்துக்குங்க!" என்று காம்பவுண்டே கேட்கிற மாதிரி கத்துவேன். அந்த நாட்களில் இன்னும் உரக்கக் கத்துவேன். மகள் என் பக்கம் திரும்பாமல் ஊற்றுவாள், சொம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வேலையாக இருக்கிறாள், படிப்பு டென்ஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழைக்கு வல்லாரை வாளியை விட்டு வழிந்து படிக்கட்டுச் செங்கலில் வேர் பிடித்தது. மழை ஓயும் வரை கற்றாழையை மட்டும் கூரைக்கடியில் நகர்த்தி வைத்திருந்தேன். அதுவும் பானையை நெருக்கிக்கொண்டு பக்கத்தில் கன்று விட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன்.

"பாருங்கம்மா. அவ கைதான். ஒரு நாளுகூட உடல. செத்துச்சா? செடிக்கு எது ஒத்துக்கும் எது ஒத்துக்காதுன்னு தெரிஞ்சி வெச்சா வரும். தெரியாம வெச்சா யாரு தொட்டாலும் சாவும்."

அவர் இரண்டையும் குனிந்து பார்த்தார். வல்லாரை இலையைக் கிள்ளி முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "இது உன் வூட்டுச் செடிம்மா. உன் வூட்டுத் தீட்டு அதுக்குப் பழகிப்போச்சி. என் செடி அம்மன் செடி" என்றார். போகும்போது, "ரெண்டு கொடி குடு, பேரனுக்குப் பொடி பண்ணணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டும் போனார்.

நான் கொடுத்தேன்.  இத்தனை மாதம் பாடுபட்டுச் சேர்த்த என் ஆதாரத்தை அந்த அம்மா ஒரே பேச்சில் துடைத்துப்போட்டுவிட்டார். அதோடு அடுத்த வாரமே தொட்டியில் புதுக் கன்று வைத்தார். எங்கே? கேட் பக்கம் கற்றாழை, ஜன்னல் பக்கம் வல்லாரை. நான் கொடுத்த கொடியில் மிச்சம் வைத்து நட்ட வல்லாரை.

அன்று சாயங்காலம் மகள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் நின்று, தொட்டியைப் பற்றி, அடைத்த துளையைப் பற்றி, வண்டலைப் பற்றி, டீச்சரின் சயின்ஸைப் பற்றி ஒரு பாட்டம் திட்டித்தீர்த்தேன். இந்தத் தடவையும் சாகும், அப்போது மறுபடி உன் மேல்தான் பழி போடுவார்கள், நான் விடமாட்டேன், மண்ணைத் தோண்டியே காட்டுகிறேன் என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "ம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நீ சொல்றதெல்லாம் சரிம்மா. தண்ணியாலதான் செத்துச்சி, வெயில்லதான் செத்துச்சி. ஆனா நெசமாவே நான் தொட்டுத்தான் செத்துச்சின்னு வெச்சிக்கோ. அப்ப நான் சுத்திக்கினு போவணுமா?"

நின்றபடி திட்டிக்கொண்டிருந்த நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"நீ தெனம் கத்தற கத்துல எனுக்கு என்னிக்கின்னு இப்ப தெருவுக்கே தெரியும். அந்த ஆயாவாச்சும் ஜன்னலாண்டதான் கேக்கும்." அவள் குரல் உடைந்தது. "இன்னிக்கும் நான் பொழுது விடியறதுக்கு முந்தி போனதுதாம்மா. நீ செடிக்காக சண்ட போட்டுக்கினு இருக்கற. ஒரு தபா எனுக்காக போடேன்."

அவள் பக்கத்தில் நான் வந்ததும் கொண்டுவந்து வைத்த தண்ணீர் டம்ளர் நிரம்பியபடியே இருந்தது. என் பெண் மறுபடியும் குடிக்காமல் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகும், நான் இரண்டு செடியை வளர்த்துக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்த மாதமெல்லாம், அவள் தாகத்தோடு இருந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே நடையில் போய் நின்றேன். வீட்டுக்காரம்மா வாளியோடு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் வாசலில் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பெஷல் டூட்டி முடித்து அப்போதுதான் வந்த என் வீட்டுக்காரர் யூனிஃபாரத்தோடு எனக்குப் பின்னால் வந்து நின்றார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் தடுக்கவில்லை.

"ம்மா, எம் பொண்ண இனிமே என்னிக்கின்னு கேக்காதீங்க. அவ சொல்ல மாட்டா. நானும் சொல்ல மாட்டேன்" என்றேன். கத்தவில்லை. "இது பொது வழி. எல்லா நாளும் அவ இந்த வழியாத்தான் போவா. காலி பண்ணச் சொன்னா பண்ணிக்கறோம். காலி பண்ற அன்னிக்கி வரைக்கும் இந்த வழியாத்தான் போவா."

மகள் எங்கள் கதவருகில் பக்கெட்டோடு நின்றிருந்தாள். நான் கூப்பிடவில்லை. அவளாகவே இறங்கினாள். டீச்சர் ஸ்கூட்டியை ஓரமாக நகர்த்தி வழி விட்டார். கற்றாழையைத் தாண்டி, வீட்டுக்காரம்மாவைத் தாண்டி, வல்லாரையைத் தாண்டி, கொல்லைப்பக்கம் போனாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

வீட்டுக்காரம்மா வாளியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "அப்பிடின்னா செடி மறுபடியும் செத்துச்சின்னா?" என்றார்.

அடைத்த துளையைப் பற்றிச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

"செத்தா சாவட்டும்மா. எம் பொண்ணு தண்ணி குடிக்கணும்."